சான் பிரான்சிஸ்கோவின் அடியில் புதைந்த கடைத்தெருவைப் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சான் பிரான்சிஸ்கோவில் நாம் காட்டுவது பெரும்பாலும் மூன்றே இடங்கள்தான்: சிவப்புப் பாலம், வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்டு தெரு, பியர் 39 இல் படுத்துக் கிடக்கும் கடல் சிங்கங்கள். வங்கிகளும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கும் மாண்ட்கோமரி, சான்சம், பேட்டரி தெருக்கள் பக்கம் யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. அங்கே தினமும் வேலைக்குப் போய் வருபவர்களில்கூடப் பலருக்கு, தாங்கள் காபி வாங்கும் முனைக்குக் கீழே 1850 இல் ஒருவர் விற்பதற்காக வாங்கி அடுக்கிய சரக்கு பாதி எரிந்து சேற்றில் புதைந்தது தெரியாது.

அதைத் தேடிப் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் படித்திருக்கத் தேவையில்லை. அரை நாள் நேரமும், நடக்க வசதியான ஷூவும், சார்ஜ் உள்ள போனும் இருந்தால் போதும். ஆனால் தயாராகாமல் போனால் கண்ணில் படுவது நாலு பித்தளைப் பலகைகளும் நிறைய கண்ணாடிக் கட்டடங்களும்தான். அதனால் முதல் மூன்று படிகளை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடுங்கள்.

படி 1: தங்கத்தை மறந்துவிட்டுக் கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துகளைக் கண்டது கொலோமாவில், ஜான் சட்டருக்காகக் கட்டிக்கொண்டிருந்த மர அறுவை ஆலையில். அது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் யாரும் தங்கம் தோண்டவில்லை. இங்கே நடந்தது வியாபாரம். கப்பலில் வந்து இறங்கியவர் இங்கேதான் மண்வெட்டி, பூட்ஸ், கம்பளி, உப்பிட்ட பன்றி இறைச்சி எல்லாம் வாங்கிக்கொண்டு மலைப் பக்கம் போனார். சாமுவேல் பிரானன் என்ற வியாபாரி 1848 மே மாதம் இந்த ஊர்த் தெருவில் "அமெரிக்கன் ஆற்றில் தங்கம்!" என்று கூவிக்கொண்டு போனதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்கு, இன்றைய சாக்ரமெண்டோவில் இருக்கும் சட்டர் கோட்டையில் ஒரு கடை இருந்தது. கூவுவதற்கு முன்பே அந்தக் கடையில் சரக்கு தயாராக இருந்தது. 1848 தொடக்கத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், 1849 முடிவதற்குள் ஏறக்குறைய 25,000 பேர் ஊராகிவிட்டது.

தங்கம் தோண்டப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான், அவனுக்கு மண்வெட்டி விற்றவன் பணக்காரன் ஆனான் என்று இப்போதும் பிசினஸ் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். விற்றவர்களிலும் ஏகப்பட்ட பேர் திவாலானார்கள், மண்ணுக்கடியில் கிடைத்ததெல்லாம் அதற்குச் சாட்சி. பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் ஒரு மொத்த வியாபாரி, கலிஃபோர்னியாவில் அடுப்புக்கு நல்ல விலை என்று கடிதத்தில் படித்துவிட்டு ஒரு கப்பல் நிறைய அனுப்பினால், அது தென்னமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர ஐந்தாறு மாதம் ஆகும். அதே செய்தியைக் கேள்விப்பட்டு இன்னும் பல பேர் அதே அடுப்பை அனுப்பியிருப்பார்கள். சரக்கு வந்து இறங்கும் நாளில் விலை தரையில் கிடக்கும். கிடங்கு வாடகையோ சரக்கின் விலையைவிட அதிகம். கூலி அதற்கும் மேலே. 1849-50 மழைக்காலத்தில் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்தபோது, விலை போகாத அடுப்புகளையும் புகையிலைப் பெட்டிகளையும் மாவு மூட்டைகளையும் சேற்றில் போட்டு, அதன் மேல் நடந்து போயிருக்கிறார்கள். அடுப்பை நடைபாதையாகப் போடுவது பலகை வாங்கிப் போடுவதைவிட மலிவாக இருந்த ஊர் இது.

இதைத் தெரிந்துகொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமாக ஒரு பழைய குடியிருப்பைத் தோண்டினால் கிடைப்பது ஜனங்கள் பயன்படுத்தி, உடைந்து, தூக்கிப்போட்ட குப்பை. இங்கே கிடைத்தவற்றில் பெரும்பகுதி யாரும் பயன்படுத்தாத பொருள். கடையில் விற்பதற்கு வைத்திருந்த சரக்கு அப்படியே அடங்கிப்போயிருக்கிறது. குப்பை, ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது என்று சொல்லும். சரக்கு, ஜனங்கள் என்ன வாங்குவார்கள் என்று வியாபாரி நம்பியதைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. இங்கே எதைப் பார்த்தாலும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

படி 2: பழைய கரைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

இப்போதுள்ள வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் ஒன்றும் புரியாது. 1848 இல் கடல் மாண்ட்கோமரி தெருவரை வந்திருந்தது. அதற்குக் கிழக்கே இன்று நீங்கள் பார்க்கிற ஏழெட்டுத் தெருக்கள் முழுக்க யெர்பா புவேனா என்ற ஆழமில்லாத வளைகுடாதான். டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பு என்று தேடினால் 1850களின் அமெரிக்கக் கரையோர அளவைத் துறை வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கடலுக்குள் நீளும் மெல்லிய கோடுகள் எல்லாம் படகுத்துறைகள். அவற்றின் இரு பக்கமும் தண்ணீருக்கு மேல், மரத் தூண்களின் மேல் கடைகள் நின்றன.

கடல் எப்படித் தெருவாயிற்று? 1847 இல் அப்போது கலிஃபோர்னியாவின் ராணுவ ஆளுநராக இருந்த ஜெனரல் கியர்னியின் ஆணைப்படி கடலுக்கு அடியில் இருந்த நிலத்தை மனை மனையாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கிற மனையை வாங்கியவர் என்ன செய்வார்? தூண் நட்டுக் கட்டுவார், இல்லாவிட்டால் மண் கொட்டி நிரப்புவார். சிலர் பழைய கப்பலைக் கொண்டுவந்து தங்கள் மனை மேல் மூழ்கடித்து, "இது என் இடம்" என்று உறுதி செய்துகொண்டார்கள். மணல் குன்றுகளை வெட்டி நிரப்பியதும், குப்பை கொட்டி நிரப்பியதும், எரிந்த கட்டடங்களின் மிச்சத்தைத் தள்ளி நிரப்பியதும் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக இப்போது தெருவுக்கு அடியில் இருக்கின்றன.

கப்பல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்த மாலுமிகள், சில சமயம் கேப்டன் உள்பட, தங்கம் தேடி ஓடிவிட்டார்கள். துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளில்லாமல் நின்றன. ஊரில் கிடங்கு இல்லை, மரம் விலை, தச்சன் கூலி கட்டுப்படியாகவில்லை. கப்பல் சும்மா கிடக்கிறது. கரையோரம் இழுத்து நிறுத்தி, பாய்மரத்தை வெட்டி, தளத்தின் மேல் கூரை போட்டு, பக்கவாட்டில் கதவு வெட்டினால் கிடங்கு தயார். கடை, தங்கும் விடுதி, சாராயக் கடை, சிறைச்சாலை என்று கப்பல்கள் எல்லாமாகவும் ஆயின. சான் பிரான்சிஸ்கோ கடல்சார் தேசிய வரலாற்றுப் பூங்கா, புதைந்த கப்பல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அதையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு தேதியை மனப்பாடம் செய்யுங்கள்

1849 டிசம்பர் 24 முதல் 1851 ஜூன் 22 வரை இந்த ஊர் ஆறு பெரிய தீ விபத்துகளைப் பார்த்தது. ஆறையும் நினைவில் வைக்க வேண்டாம். 1851 மே 3-4 என்ற ஒன்று போதும். அந்த இரவில் ஊரின் முக்கால் பங்கு போய்விட்டது. கித்தான் துணியும் பலகையும் கொண்டு கட்டிய ஊர், பலகைத் தெருக்கள், கீழே காற்று புகும் இடைவெளி, எரியாமல் என்ன செய்யும்? இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பொருத்திய இரும்புக் கட்டடங்களும் இருந்தன. அவை தீப்பிடிக்காது என்று நம்பி உள்ளேயே இருந்தவர்கள், சூட்டில் இரும்புக் கதவுகள் விரிந்து இறுகித் திறக்க முடியாமல் அங்கேயே இறந்தார்கள்.

தொல்லியலாளருக்கு இந்தத் தீ ஏன் முக்கியம்? மண்ணடுக்கில் ஒரு கரி அடுக்கு இருந்து, அது எந்தத் தீ என்று தெரிந்தால், அதற்குக் கீழே மூடிக்கிடக்கிற எல்லாவற்றுக்கும் தேதி கிடைத்துவிடுகிறது. சாதாரணமாகப் பத்து இருபது வருஷம் முன்பின் என்று சொல்வதே பெரிய விஷயம், இங்கே ஒரு ராத்திரியைச் சொல்ல முடிகிறது. தண்ணீருக்கு மேல் நின்ற கடைகள் எரிந்து இடிந்து வளைகுடாச் சேற்றில் விழுந்தன. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு, எனவே சாதாரண மண்ணில் மக்கிப்போயிருக்க வேண்டிய தோல், துணி, தானியம், இறைச்சி எல்லாம் நின்றுவிட்டன. பிறகு அதன் மேல் மண் கொட்டி மூடிவிட்டார்கள். கடைக்காரருக்கு வந்த நாசம்தான் நமக்குக் கிடைத்த காப்பகம்.

படி 4: நடக்க ஆரம்பியுங்கள்

கிழக்குக் கரைப் பக்கமிருந்து வருபவர்கள் பார்ட் ரயிலில் மாண்ட்கோமரி நிலையத்தில் இறங்கலாம். காரில் வந்தால் பார்க்கிங் கட்டணத்திலேயே மனம் நொந்துபோகும். ஞாயிறு காலை நல்லது, தெருக்கள் காலியாக இருக்கும், நின்று பார்த்தால் யாரும் இடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

போர்ட்ஸ்மத் சதுக்கத்தில் தொடங்குங்கள், சைனாடவுன் ஓரம், கியர்னி தெருவும் க்ளே தெருவும் சேரும் இடம். 1846 ஜூலையில் அமெரிக்கக் கொடி ஏறியது இங்கேதான், அப்போது இது ஊரின் நடுத்திடல். சீரமைப்பு வேலை நடந்து உள்ளே போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாம் வந்தது சரிவைப் பார்க்க. க்ளே தெருவில் கிழக்கு நோக்கி நின்று பாருங்கள். தெரு கொஞ்ச தூரம் இறங்கி, மாண்ட்கோமரி பக்கம் போனதும் சட்டென்று சமமாகிவிடுகிறது. இயற்கையான நிலம் முடிந்து கொட்டிய மண் தொடங்குவது அங்கேதான். இதை ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் நகரம் முழுக்க உங்கள் கால்களே சொல்லிவிடும்.

கீழே இறங்கினால் டிரான்ஸ்அமெரிக்கா பிரமிட். அது நிற்கும் இடத்தில் 1853 இல் மாண்ட்கோமரி பிளாக் என்ற பெரிய நாலு மாடி வணிகக் கட்டடத்தைக் கட்டினார்கள். கரையோரத்துச் சேற்றில் இவ்வளவு கனம் எப்படி நிற்கும் என்று எல்லோரும் சிரித்தார்களாம். ரெட்வுட் மரக்கட்டைகளைத் தெப்பம் போல அடுக்கி அதன் மேல் கட்டினார்கள். 1906 நிலநடுக்கத்தையும் தாண்டி நின்றது. 1959 இல் இடித்தது பார்க்கிங் இடத்துக்காக. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து வடக்கே இரண்டு எட்டு வைத்தால் ஜாக்சன் சதுக்கப் பகுதி. தரைக்கு மேலே நிற்கிற 1850களின் வணிகக் கட்டடங்களை ஒரே இடத்தில் பார்க்க இந்த ஊரில் இதைவிட்டால் வேறு இடம் இல்லை. மாண்ட்கோமரி தெருவின் 700 எண் வரிசை, பிறகு ஜாக்சன் தெரு. முகப்பு அழகை விடுங்கள். செங்கல்லின் தடிமனைப் பாருங்கள், ஜன்னல் ஓரங்களில் இரும்புக் கதவுகளையோ அவை மாட்டியிருந்த கீல்களையோ தேடுங்கள். ஆறு தீ பார்த்த வியாபாரிகள் பயந்துபோய்க் கட்டிய கட்டடங்கள் இவை. ஒவ்வொரு கீலும் 1851க்கான பதில். இங்கே சில கட்டடங்களில் பழைய கப்பலின் பாய்மரத்தைத் தூணாக வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் ரசித்துக் கேளுங்கள், உடனே நம்பிவிடாதீர்கள்.

திரும்பி சான்சம் தெரு வழியாக க்ளே தெரு முனைக்கு வாருங்கள். இங்கேதான் நியாண்டிக். 1849 ஜூலையில் பனாமாவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல், ஆட்கள் ஓடிவிட, கரையேற்றிக் கிடங்காக்கினார்கள். களைத்தவர்களுக்கு ஓய்வு, பெட்டிகளுக்கு இடம் என்று அதில் பலகை மாட்டியிருந்ததாகச் சொல்வார்கள். 1851 மே தீயில் மேல்பாகம் எரிந்தது. அடிப்பாகம் மண்ணுக்குள் போயிற்று. அதன் மேலேயே நியாண்டிக் ஹோட்டல் என்று கட்டினார்கள். 1872 இல் அந்த ஹோட்டலை இடித்தபோது கீழே கூடை கூடையாக ஷாம்பெயின் கிடைத்தது, குடிக்கிற நிலையிலேயே இருந்ததாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. 1978 இல் புதுக் கட்டடத்துக்குத் தோண்டும்போது கப்பல் மறுபடி வெளியே வந்தது. ஒரு பகுதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. இப்போது சுவரில் ஒரு பலகை இருக்கிறது, அவ்வளவுதான். பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல், மாண்ட்கோமரி தெரு எவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். ஒரு பிளாக். இந்தக் கப்பல் நின்றது கரையிலிருந்து அவ்வளவு பக்கம்.

இன்னும் ஒரு பிளாக் கிழக்கே, க்ளே தெருவும் பேட்டரி தெருவும் சேரும் இடத்தில் ஜெனரல் ஹாரிசன். 1840 இல் மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட்டில் கட்டிய கப்பல், 1850 இல் கிடங்கானது, அதே மே தீயில் எரிந்தது. 2001 இல் ஹோட்டல் கட்டக் குழி தோண்டியபோது கண்டுபிடித்தார்கள். கடல்சார் தொல்லியலாளர் ஜேம்ஸ் டெல்காடோ இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். உள்ளே கிடைத்தவை ஒயின் புட்டிகள், ஆணிப் பெட்டிகள், கண்ணாடி மணிகள், துணித் தான்கள், கோதுமை. மேல்பாகத்தில் எரியாமல் மிஞ்சிய மரத்தையும் உலோகத்தையும் அந்தக் காலத்திலேயே பிரித்து விற்றுவிட்டார்கள். ரின்கன் முனைப் பக்கம் சார்லஸ் ஹேர் என்பவர் சீனத் தொழிலாளர்களை வைத்துப் பழைய கப்பல்களை உடைத்து விற்கும் தொழிலே நடத்தினார். அதாவது தீ அணைந்த கையோடு வியாபாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது என் விருப்பத்துக்குரிய இடம், ஆனால் அங்கே போனால் நீங்கள் பார்க்கப்போவது சாதாரண அலுவலகக் கட்டடங்கள்தான். சாக்ரமெண்டோ தெரு ஓரத்தில் அன்று ஹோவிசன் படகுத்துறை நீண்டிருந்தது. அதில் வில்லியம் ஹாஃப் என்பவர் கடை வைத்திருந்தார். 1851 மே தீயில் கடை எரிந்து தரை உடைந்து முழுச் சரக்கும் கடலில் விழுந்தது. 1986 இல் கட்டட வேலைக்கு முன் ஆலன் பாஸ்ட்ரான் குழு அகழாய்வு செய்தபோது, ஒரு கடை அப்படியே சேற்றில் கிடைத்தது. பன்றி இறைச்சிப் பீப்பாய்கள், குந்தாலிகள், துப்பாக்கிகள், பொத்தான்கள், மருந்துப் புட்டிகள், காலணிகள், சீனப் பீங்கான். பீப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட இறைச்சிக்கு அந்தக் காலத்தில் தரவரிசை உண்டு, எந்தப் பகுதி இறைச்சி என்பதை வைத்துத் தரமும் விலையும். பீப்பாய்க்குள் இருக்கும் எலும்புகளைப் பிரித்துப் பார்த்தால் அது எந்தப் பகுதி, எப்படி வெட்டியது, நல்ல தரமா மட்டமா என்று சொல்லிவிடலாம். கணக்குப் புத்தகம் எரிந்துபோனாலும் பீப்பாய் மிஞ்சியது. பக்கத்திலேயே சீனப் பீங்கானும் இருப்பதைக் கவனியுங்கள். பாஸ்டனிலிருந்து வருவதைவிடச் சீனாவிலிருந்து பசிபிக்கைக் கடந்து வருவது சீக்கிரம். இந்த ஊரின் கடைத்தெரு பாதி ஆசியாவைப் பார்த்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

பக்கத்தில் கமர்ஷியல் தெரு என்று ஒரு ஒடுக்கமான சந்து இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். ஏன் இவ்வளவு ஒடுக்கம்? அது தெருவாகப் பிறக்கவில்லை. 1849 இல் லைடஸ்டார்ஃப் தெருவிலிருந்து கடலுக்குள் கட்ட ஆரம்பித்த நீளப் படகுத்துறை அது, சுமார் 2,000 அடி போயிற்று. இரு பக்கமும் கடைகள் முளைத்தன, கீழே மண் நிரம்பியது, படகுத்துறையின் அகலமே தெருவின் அகலமாக நின்றுவிட்டது.

கடைசியாக, மார்க்கெட், புஷ், பேட்டரி தெருக்கள் கூடும் முக்குக்கு வாருங்கள். வெண்கலத்தில் ஆட்கள் இயந்திரம் ஒன்றை இழுத்துக்கொண்டிருக்கும் சிலை இருக்கும். அதன் பக்கத்தில், 1848 ஜனவரி 24 அன்று கரை எங்கே இருந்தது என்று காட்டும் பலகை. காலில் தெம்பு இருந்தால் எம்பார்கடேரோ நிலையத்தில் என்-ஜூடா ரயிலைப் பிடித்துக் கிழக்கே ஒரு நிலையம் போங்கள். 1994 இல் அந்தச் சுரங்கப்பாதை தோண்டும்போது ரோம் என்ற கப்பல் குறுக்கே வந்தது. அதை ஊடறுத்துத்தான் பாதை போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. குழந்தைகளிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள், இறங்க மாட்டார்கள்.

படி 5: பொருளைப் பார்க்கப் போங்கள்

தெருவில் கோடுதான் தெரியும், பொருளைப் பார்க்க ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் பக்கம் ஹைட் தெரு, ஜெஃபர்சன் தெரு முனையில் கடல்சார் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் போக வேண்டும். எது காட்சியில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன் அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டி முன் நின்றதும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது பயன்படுத்தியதா, புதுசா? தேய்மானம் இல்லாத காலணி, தக்கை எடுக்காத புட்டி என்றால் அது சரக்கு. ஒன்றா, நிறையவா? ஒரே மாதிரி இருபது கிடைத்திருந்தால் கடை, ஒன்று மட்டும் என்றால் யாரோ ஒருவருடைய சொந்தச் சாமானாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு கடல் வழி இருக்கிறது. சிலியிலிருந்து மாவு, ஃபிரான்சிலிருந்து ஒயின், ஓரிகனிலிருந்து மரம். நகருக்குள் விளைந்த பொருள் ஒன்றுகூட இல்லாத கடைத்தெரு.

படி 6: விளம்பரத்தோடு பொருத்திப் பாருங்கள்

இது வீட்டிலிருந்தே செய்வது, சொல்லப்போனால் எனக்கு நடையைவிட இதில்தான் நேரம் போகும். கலிஃபோர்னியா டிஜிட்டல் செய்தித்தாள் தொகுப்பில் அல்டா கலிஃபோர்னியா பத்திரிகை 1849 ஜனவரியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தேடும் காலத்தை 1849க்கும் 1851 மே மாதத்துக்கும் இடையில் சுருக்கிக்கொள்ளுங்கள். வியாபாரியின் பெயரைவிடக் கப்பலின் பெயரைத் தேடுவது பலன் தரும், ஏனென்றால் இன்ன கப்பலில் இன்ன சரக்கு வந்திருக்கிறது என்றுதான் விளம்பரம் செய்வார்கள். பழைய அச்சைக் கணினி படித்திருப்பதால் எழுத்துகள் தப்பும் தவறுமாக இருக்கும். பெயரின் பாதியை மட்டும் கொடுத்தும் தேடுங்கள். ஒவ்வொரு தீக்கும் அடுத்த சில நாள்களின் பத்திரிகையைக் கட்டாயம் புரட்டுங்கள், எந்தக் கடை எங்கே மாறியது என்ற அறிவிப்புகள் வரிசையாக வரும். 1850 இல் சார்லஸ் கிம்பல் வெளியிட்ட நகரத்தின் முதல் முகவரிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பெயர், தொழில், தெரு மூன்றையும் கோத்துவிடலாம்.

படி 7: இன்னொரு நாள் கிடைத்தால் சாக்ரமெண்டோ

சான் பிரான்சிஸ்கோவில் கடைத்தெரு கடலை நிரப்பி வளர்ந்தது. சாக்ரமெண்டோவில் தெருவையே உயர்த்தினார்கள். 1850 ஜனவரியில் வெள்ளம், 1852 நவம்பரில் தீ, 1861-62 குளிர்காலத்தில் மறுபடி பெருவெள்ளம். இதற்கு மேல் முடியாது என்று 1860களில் தெருக்களின் இரு ஓரமும் செங்கல் சுவர் எழுப்பி நடுவில் மண் நிரப்பினார்கள், சில இடங்களில் 10 அடிக்கு மேல். வசதி உள்ளவர்கள் கட்டடத்தையே திருகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மற்றவர்களுக்குத் தரைத்தளம் நிலவறையாகிவிட்டது. தெருச் சுவருக்கும் கடை முகப்புக்கும் இடையில் வெற்றிடம், அதன் மேல் நடைபாதை. அந்த வெற்றிடத்துக்குள்தான் சாக்ரமெண்டோ வரலாற்று அருங்காட்சியகம் நிலத்தடிச் சுற்றுலா கூட்டிப்போகிறது. வருஷம் முழுக்க நடப்பதில்லை, முன்பதிவு செய்துவிடுங்கள். இவற்றைக் கள்ளக் கடத்தல் சுரங்கம் என்று சொல்லி உங்களை யாராவது மயக்கப் பார்த்தால், நடைபாதைக்குக் கீழே மிஞ்சிய இடைவெளி, அவ்வளவுதான்.

ஓல்டு சாக்ரமெண்டோவுக்குள் நடக்கும்போது கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளுக்குள் எட்டிப் பாருங்கள், சில முற்றங்கள் இன்றும் பழைய தரை மட்டத்திலேயே இருக்கின்றன. கே தெருவில் லேடி ஆடம்ஸ் கட்டடம் 1852 தீயில் தப்பியது. மற்றபடி இங்கே நிறைய முகப்புகள் 1960களுக்குப் பிறகு திரும்பக் கட்டியவை, மிட்டாய்க் கடை அலங்காரத்தைப் பார்த்து 1849 என்று நினைத்துவிடாதீர்கள். சான் ஹோசே, ஃப்ரீமான்ட், ஓக்லாந்து பக்கம் இருப்பவர்களுக்கு கேப்பிடல் காரிடார் ரயில் வசதி, நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

படி 8: எடுக்காதீர்கள்

கட்டட வேலை நடக்கும் குழி ஓரத்தில் பச்சைப் புட்டித் துண்டு கண்ணில் பட்டால் கை பரபரக்கும்தான். பழைய புட்டி தோண்டி விற்பவர்கள் இந்த மாநிலத்தில் நிறைய உண்டு. ஆனால் இவ்வளவு நேரம் பார்த்ததை யோசியுங்கள். ஹாஃப் கடையின் புட்டிக்கு அர்த்தம் வந்தது அது எந்தக் கரி அடுக்குக்குக் கீழே, எந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வைத்ததால். வரவேற்பறை அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் புட்டி. சட்டமும் விடாது. அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம், கூட்டாட்சி அரசின் நிலத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களை 1979 ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நகரத் திட்டமிடல் துறைக்குத் தெரிவியுங்கள். அங்கே தொல்லியலைப் பார்க்கவே ஆட்கள் இருக்கிறார்கள். 1970 இல் வந்த கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி இந்த மாதிரி இடங்களில் பெரிய கட்டடம் எழுப்பும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டும். உங்களுக்கே இந்தப் பகுதியில் பழைய கட்டடம் இருந்து, அடித்தளம் தோண்டும் வேலை வருகிறது என்றால், திட்டம் போடும் கட்டத்திலேயே தொல்லியலாளர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். பாதியில் கப்பல் வந்து நின்றால் ஆகும் தாமதச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. மனித எலும்பு கிடைத்தால் எதையும் தொடாமல் வேலையை உடனே நிறுத்திவிட்டு கவுன்டியின் மரண விசாரணை அதிகாரியை அழைக்க வேண்டும், அது சட்டம். வியாபாரிகள் வருவதற்கு முன் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இது ராமாய்டுஷ் ஓலோனி மக்கள் வாழ்ந்த கரை, அதனால் அந்த எலும்பு அவர்களுடைய முன்னோருடையதாக இருக்கலாம். அப்படி இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்களுடைய வழித்தோன்றல்கள்.